பழைய பாரமானிகளும் அவை கூறுஞ் சான்றும்

பழைய ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுப்பார் செயல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் ஊர்தோறுஞ் சென்று சுவடிகளைத் திரட்டி, அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1887 ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய வரலாற்றை நாம் நன்கு அறிவோம். செல்லரித்த ஓலையொன்றைக் கண்டு, ‘இஃது அடுப்பெரிக்கவன்றி வேறெதற்கு உதவும்?’ என்று கேட்பவர் நம் வகுப்பில் இரார். ஆயின், வெடித்த மரச்சட்டத்திற் கண்ணாடிக் குழாய் தொங்கும் பழைய பாரமானி ஒன்றையோ, எழுத்து மங்கிய உஷ்ணமானி ஒன்றையோ ஒருவர் விலைகொடுத்து வாங்கிப் போற்றுவதைக் காணின், அவரை நகைப்போடுதான் நோக்குவோம். யாமும் சென்ற ஆண்டுவரை அங்ஙனமே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் மாறியவாற்றையும், அதற்குக் காரணமாயிருந்த எம் பிழையொன்றையும், இத்தகைய கருவிகளைத் தொகுப்போர் அறிந்திருக்கவேண்டுவன சிலவற்றையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

பாரமானி என்பது காற்றின் பாரத்தை அளக்குங் கருவி. காற்றழுத்தமானி எனவும் இதனை வழங்குவர். 1643 ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து டாரிசெல்லி என்னும் அறிஞர் இதற்கு வித்திட்டார். ஒருபுறம் மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயிற் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, இரசமுள்ள கிண்ணமொன்றிற் கவிழ்த்து விரலை எடுத்தால், குழாயிலுள்ள இரசம் முழுதும் வடிந்துவிடுவதில்லை. ஏறக்குறைய 30 அங்குல உயரத்தில் நின்றுவிடுகின்றது. அதன்மேல் வெற்றிடம். அவ்விரசத்தூணைத் தாங்கி நிற்பது யாது? கிண்ணத்து இரசத்தின்மீது புறத்தேயுள்ள காற்று ஊன்றுகின்ற பாரமேயாம். காற்றின் பாரம் மிகுந்தால் தூண் உயரும், குறைந்தால் தாழும். இதனை மெய்ப்பிக்க விரும்பிய பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர், 1648 ஆம் ஆண்டு செப்டெம்பர் 19 ஆம் நாள், தம் மைத்துனர் பெரியே என்பவரைப் புயி தெ டோம் என்னும் மலைமீது குழாயோடு ஏறச் செய்தனர். மலையடியில் நின்ற உயரத்தினும் மலையுச்சியில் இரசம் மூன்று அங்குலத்துக்குச் சற்று மிகுதியாகத் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்லத் தலைமீதுள்ள காற்றுக் குறைவதன்றோ? அன்றுதொட்டு இக்குழாய் மலையின் உயரத்தை அளக்குங் கோலும் ஆயிற்று.

இதன்பின் தோன்றிய வடிவங்கள் பல. தொகுப்போர் பெரும்பாலுங் காண்பன நான்கு. முதலாவது, குழாயும் அளவுகோலும் நீண்ட மரச்சட்டத்தில் நேரே அமைந்த கோற்பாரமானி. இரண்டாவது, 17 ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் என்பவர் வகுத்த சக்கரப் பாரமானி. இதன் குழாய் கீழே வளைந்து மேல்நோக்கும். திறந்த முனையிலுள்ள இரசத்தின்மீது மிதக்கும் சிறு எடையொன்று நூலால் ஒரு கப்பியைச் சுழற்ற, கப்பியோடு பிணைந்த முள் வட்டத் தகட்டிற் சுற்றிவரும். குடமுந் தண்டும் கூடிய வீணையைச் சுவரில் நிறுத்தியதுபோல் தோன்றும் இக்கருவி, 19 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் இல்லங்களிற் பெருவழக்காயிருந்தது. அதனைச் செய்தோருட் பலர் இத்தாலியின் கோமோ ஏரிப் பக்கத்தினின்று குடியேறிய கைவினைஞர். மூன்றாவது, பிரெஞ்சுத் தொழில்வல்லுநராகிய போர்த்தின் என்பவர் பெயரால் வழங்குவது. கிண்ணத்து இரசத்தின் மேற்பரப்பு ஒரு தந்தக் கூர்முனையைச் சரியாகத் தொடுமாறு, அடியிலுள்ள திருகை முன்னர்த் திருப்பி, பின்னரே அளவு பார்க்கவேண்டும். ஆய்வுச்சாலைகளிற் காண்பது பெரும்பாலும் இதுவே. நான்காவது, 1844 ஆம் ஆண்டில் லூசியன் விடி என்பவர் உரிமை பெற்ற அனிராய்டு பாரமானி. இதில் இரசமே இல்லை. காற்று நீக்கிய மெல்லிய உலோகச் சிமிழ், புறக்காற்று அழுத்துந்தோறும் சிறிது ஒடுங்கியும், அழுத்தங் குறையுந்தோறும் சிறிது விரிந்தும் முள்ளை இயக்குகின்றது. கையில் எடுத்துச் செல்ல எளிது. ஆனால் நாட்செல்லச் செல்ல அதன் வில் தளர்ந்து அளவு மாறும். இக்குறையை நினைவிற் கொள்க. பின்னர் இது வேண்டப்படும்.

உஷ்ணமானியின் கதையும் இதனையொத்ததே. பாரன்ஹீட் என்பவர் 1714 ஆம் ஆண்டிற் பாதரச உஷ்ணமானியைச் செப்பமுறச் செய்தார். அவர் வகுத்த அளவில் நீர் உறையும் நிலை 32, கொதிக்கும் நிலை 212. 1730 ஆம் ஆண்டையொட்டி ரேமூர் என்பவர் வகுத்ததில் அவை 0, 80. சுவீடன் தேசத்துச் செல்சியஸ் 1742 ஆம் ஆண்டிற் கூறியதில் கொதிநிலை 0, உறைநிலை 100! அவர் 1744 ஆம் ஆண்டில் மறைந்தார். பின்னர்ச் சில ஆண்டுகளுள் அவ்வெண்கள் தலைகீழாக்கப்பட்டு இன்றுள்ள முறை நிலைபெற்றது. எனவே, பழைய குறிப்பேடொன்றில் ‘வெப்பம் 30’ என்றிருந்தால், எந்த அளவில் 30 என்பதை அறியாதவர்க்கு அவ்வெண் வெறுங் கோடேயாம்.

இக்கருத்தே எம் கட்டுரையின் உயிர்நிலை. பழைய எண்கள் மூலம் போன்றவை. அவற்றை அளந்த கருவி உரை போன்றது. உரை தொலைந்தால் மூலம் இருந்தும் பொருள் விளங்குவதில்லை. இதற்கு வரலாறு காட்டும் மிகச் சிறந்த சான்றொன்றைக் கூறுவோம்.

இத்தாலியில் தஸ்கனி நாட்டை ஆண்ட இரண்டாம் பெர்டினாண்டு என்னும் பிரபு 1654 ஆம் ஆண்டில் ஒரு புதுமை செய்தனர். ஒரேவகையாகச் செய்த உஷ்ணமானிகளைப் புளோரென்சு, பீசா, பொலோனா முதலிய நகரங்களுக்கும், பாரிசு, வார்சா போன்ற தொலைவூர்களுக்கும் அனுப்பி, நாடோறும் வெப்பத்தைக் குறித்துவரச் செய்தனர். மதுசாரம் நிறைந்த சிறு கண்ணாடிக் குழாய்கள் அவை. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு கருமணியும், பத்துக்கொரு வெண்மணியும் குழாயின் மேலேயே கண்ணாடியாற் பொட்டிட்டிருந்தனர். அளவு மொத்தம் 50. சில ஆண்டுகள் நடந்து, பின்பு இம்முயற்சி நின்றுபோயிற்று. குறிப்பேடுகள் எஞ்சின, கருவிகள் கண்ணுக்கு மறைந்தன. ‘இன்று காலை 20, மாலை 25’ என்றெழுதிய ஏடுகளை நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக ஒருவராலும் படித்துப் பயன்கொள்ள இயலவில்லை. அந்த 20 எவ்வளவு வெப்பம் என்பதை அறிந்தார் இலர்.

1829 ஆம் ஆண்டில் அந்தினோரி என்பார் புளோரென்சு நகரத்திற் பழம்பொருள்களிடையே இச்சிறு குழாய்கள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். கணித அறிஞராகிய குலீல்மோ லிப்ரி அவற்றைப் புதிய உஷ்ணமானியோடு பலமுறை ஒப்பிட்டு, பழைய அளவு ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய அளவைக் கணித்தனர். அந்தோ, அவ்வளவே வேண்டப்பட்டது! பூட்டிக் கிடந்த ஏடுகள் யாவும் ஒருங்கே திறந்தன. கலிலியோவின் மாணவர் காலத்தில் புளோரென்சு நகரத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு வெயில் என்பது புலனாயிற்று. ஒரு பெட்டியிற் கிடந்த மெல்லிய கண்ணாடிக் குழாய்களை யாரேனும் ஒருவர் குப்பையென்று கொட்டியிருந்தால், பல்லாண்டு உழைத்துப் பலர் எழுதிய குறிப்புக்கள் என்றென்றும் ஊமையாயிருக்கும்.

(இந்த லிப்ரியின் பிற்கால வரலாறு தொகுப்போர்க்கு வேறொரு பாடத்தையும் புகட்டுகின்றது. பிரெஞ்சு நாட்டு நூலகங்களைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்த அவர், அந்நூலகங்களினின்றே அரிய கையெழுத்துச் சுவடிகளைக் கவர்ந்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு 1848 ஆம் ஆண்டில் இலண்டனுக்கு ஓடினர். 1850 ஆம் ஆண்டில் அவர் இல்லாமலே தண்டனை விதிக்கப்பட்டது. பொருளின் அருமையை அறிவது வேறு. அதனைப் பொதுவிற்குரியதாகக் காப்பது வேறு.)

நிற்க. இத்தாலிக்குச் சொன்னது நம் சென்னைக்கும் பொருந்தும். வில்லியம் பெற்றி என்பார் 1786 ஆம் ஆண்டிற் சென்னையில் தம் சொந்தச் செலவில் வானாராய்ச்சிக் கூடமொன்றைத் தொடங்கினர். கும்பினியார் அதனை ஏற்று, 1792 ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்திற் கட்டடம் அமைத்தனர். அக்கூடத்துக் கருவியொன்றைத் தாங்கிய கருங்கற்றூண் இன்றும் ஆங்குள்ள வானிலை நிலைய வளாகத்தில் நிற்கின்றது. அதன்மீது இலத்தீனோடு தமிழிலும் எழுத்துப் பொறித்துள்ளமை தமிழ் மாணவர் நேரிற் சென்று காணத்தக்கது. 1796 ஆம் ஆண்டு முதல் ஆங்குக் காற்றின் பாரமும் வெப்பமும் குறிக்கப்பட்டு வந்தன. வானாராய்ச்சி 1899 ஆம் ஆண்டிற் கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. சென்னையின் அப்பழைய பாரக் குறிப்புக்களைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் திரட்டித் திருத்தி, 2002 ஆம் ஆண்டில் ஒரு நெடுந்தொடராக வெளியிட்டனர். பருவமழை பொய்த்த ஆண்டுகட்கும் பசிபிக் மாகடலின் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வார்க்கு இத்தகைய நெடுந்தொடர் கிடைத்தற்கரிய செல்வம்.

‘திருத்தி’ என்றோம், அஃது எவ்வளவு நுட்பமானது என்பதைச் சிறிது காட்டுவோம். பாதரசம் வெப்பத்தால் விரிவது. எனவே, காற்றின் பாரம் ஒன்றேயாயினும், செல்சியஸ் அளவில் 30 வெப்பமுள்ள சென்னை அறையில் இரசத்தூண், உறைநிலையில் நிற்கும் உயரத்தினும் ஏறக்குறைய 0.15 அங்குலம் உயர்ந்து காணும். சென்னையிற் காற்றின் பாரம் நாடோறும் காலை பத்து மணியளவில் உயர்ந்து மாலை நான்கு மணியளவிற் தாழும். அவ்வேறுபாடோ ஏறக்குறைய 0.1 அங்குலமே. வெப்பத்துக்குரிய திருத்தத்தைச் செய்யாவிடின், நாம் காணவேண்டிய ஏற்றத்தாழ்வினும் நம் பிழை பெரிதாகிவிடும் என்பது இதனால் விளங்கும். குழாயின் துளை குறுகியதாயின் அதற்கொரு திருத்தம். கருவி தரைத்தளத்தில் இருந்ததா, மாடியில் இருந்ததா என்பதற்கொரு திருத்தம். இவற்றையெல்லாம் எண்களை மட்டும் பார்த்து அறிதல் இயலாது. கருவியே சான்று, கருவி இல்லையேல் அதன் அமைப்பைக் கூறும் குறிப்பேனும் வேண்டும்.

இனி, தொகுத்தோர் சிலரை நினைப்போம். நம் நாட்டில், தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், சுவார்ச்சு ஐயரிடங் கல்வி பயின்றவர். சுவடிகளோடு விஞ்ஞானக் கருவிகளையும் அவர் விரும்பித் தொகுத்தனர். இங்கிலாந்தில் லூயி இவான்சு என்பார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த பழங்கருவிகளை 1924 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினர். கருவித் தொழிற்சாலையொன்றில் உழைத்த ராபர்ட் விப்பிள் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட கருவிகளை 1944 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜுக்கு அளித்தனர். இவ்விரு கொடைகளும் இன்று பேர்பெற்ற காட்சிச்சாலைகளாய் விளங்குகின்றன. இவர்கள் வாங்கத் தொடங்கிய காலத்தில் அப்பொருள்களைப் பழைய பித்தளையென்று நிறைபார்த்து விற்றவரும் இருந்தனர்.

தொகுப்பவர் முதலிற் கற்கவேண்டுவது ஐயுறுதல். சுவடியில் இடைச்செருகல் இருப்பதுபோலக் கருவியிலும் உண்டு. பாரமானியின் முகத்திற் காணும் பெயர் அதனைச் செய்தவன் பெயரென்று நம்பிவிடலாகாது. பலவிடத்து அது விற்றவன் பெயரே. ஒன்றின் சட்டமும் மற்றொன்றின் குழாயும் கூட்டிச் செய்தன பல. முற்றும் போலியாக வார்த்தனவும் உள. மென்சிங் என்பவரது தொகுதியிலிருந்து சிகாகோ நகரத்து ஆட்லர் கோளரங்கத்துக்கு வாங்கப்பட்ட கருவிகளுட் சில பழமையானவை அல்ல, பிற்காலத்துப் போலிகளே என்பதைப் பின்னாளில் டெரக் பிரைசு முதலியோர் ஆராய்ந்து காட்டினர். கற்றவரும் ஏமாறினர் எனின், நம்மனோர் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டுமன்றோ?

‘அட்மிரல் பிட்சுராய் பாரமானி’ என்னும் பெயரோடு அங்காடிகளில் வருவனவும் இத்தகைய தெளிவு வேண்டுபவை. பிட்சுராய் என்பார் 1854 ஆம் ஆண்டு முதல் ஆங்கில அரசின் வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்தனர். மீனவர் துறைமுகங்களிற் பாரமானிகள் நிறுவப்பெற உழைத்தனர். 1859 ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்னுங் கப்பல் புயலிற் சிக்கி நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபின், புயலெச்சரிக்கை அனுப்பும் முறையை 1861 ஆம் ஆண்டில் ஏற்படுத்தினர். அப்பெருமகனார் 1865 ஆம் ஆண்டில் மறைந்தனர். அதன்பின் வணிகர் பலர் அவர் பெயரைச் சூட்டி ஆயிரக்கணக்கான வீட்டுப் பாரமானிகளை விற்றனர். பெயர் உண்மை, தொடர்பு பொய். எனினும், அக்காலத்து மக்கள் அவரை எவ்வளவு நம்பினர் என்பதற்கு அப்பொய்யும் ஒரு சான்றே.

முகத்தகட்டிற் பொறித்த சொற்களையும் ஐயுறுக. ‘புயல்’, ‘பெருமழை’, ‘மழை’, ‘மாற்றம்’, ‘தெளிவு’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிய அச்சொற்கள், 28 அங்குலம் முதல் 31 அங்குலம் வரை இங்கிலாந்தின் வானிலையை நோக்கி அமைந்தவை. ஏறக்குறைய 7,350 அடி உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் இரசம் 23 அங்குல அளவிலேயே நிற்கும். அங்கு அக்கருவியை அப்படியே மாட்டினால் வெயில் காயும் நாளிலும் முள் ‘புயல்’ என்னுஞ் சொல்லுக்குங் கீழே கிடக்கும்! கருவி பொய்யுரைக்கவில்லை, அதற்குரிய இடத்தை அறியாது மாட்டியவர் பிழை அது.

இவ்வாறு ஐயுற்று வாங்கியதைக் காப்பதற்குரிய முறைகளும் உண்டு. இரசப் பாரமானியைக் கிடையாகச் சட்டென்று சாய்த்தலும் குலுக்குதலும் ஆகா. மெல்லச் சாய்த்தால் இரசம் ஏறிக் குழாயின் உச்சியை ‘ணங்’ என்னும் ஓசையோடு தொடவேண்டும். ஓசை மழுங்கியிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துள்ளதென்று அறிக. பாதரசத்தின் ஆவி நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இராது. மூளைக்கும் நரம்புக்கும் கேடு விளைக்கும். ஆதலின், குழாய் உடைந்து இரசம் சிந்தினால் துடைப்பத்தாற் பெருக்கலாகாது. அது நுண்மணிகளாய்ச் சிதறி ஆவியை மிகுவிக்கும். சன்னல்களைத் திறந்துவிட்டு, அறையினின்று அனைவரையும் அகற்றி, அறிந்த ஆசிரியரை அழைத்தலே முறை. இக்கேடு கருதியே 2013 ஆம் ஆண்டில் மினமாட்டா உடன்படிக்கையில் உலக நாடுகள் பலவும் பாதரசக் கருவிகளைப் புதிதாகச் செய்து விற்பதைக் கைவிட இசைந்தன. ஐரோப்பிய ஒன்றியத்து விதி பழம்பொருளான பாரமானிகட்கு விலக்களித்துள்ளது. ஆகவே, இரசப் பாரமானிகளின் வழி இனிப் பெருகாது. உள்ளவற்றைக் காப்பதே எஞ்சியது.

செப்பனிடுதல் குற்றமோ எனின், அன்று. 1808 ஆம் ஆண்டில் லாம்டன் என்பார் நில அளவைக்காகத் தம் பெரிய தியோடலைட்டுக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையிற் கயிறறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. அவர் பல வாரம் முயன்று அதனைத் தாமே நிமிர்த்தி மீண்டும் பயன்கொண்டனர். நடந்ததையும் மறைத்திலர். செய்ததை எழுதிவைக்குஞ் செப்பம் கருவியின் வரலாற்றில் ஓர் ஏடாகச் சேர்கின்றது. எழுதாது செய்யுஞ் செப்பமோ ஏட்டையே கிழித்தெறிகின்றது.

இரண்டாவது வகையைச் சேர்ந்ததே யாம் செய்தது.

சென்ற ஆண்டு நம் கல்லூரி விழாவையொட்டி ஒரு கண்காட்சி நடைபெற்றது நினைவிருக்கும். பௌதிகச் சாலையின் பின்புறத்து அறையைத் துப்புரவு செய்யும் பணி எம்மிடமும் எம் நண்பர் இருவரிடமும் விடப்பட்டது. ஒரு பேழையில் வட்டமான அனிராய்டு பாரமானி ஒன்று அகப்பட்டது. அதன் முகத்தகடு கறுத்துக் கிடந்தது. காண்போர் கண்ணைக் கவரவேண்டுமென்று எண்ணி, யாம் கண்ணாடியைக் கழற்றி, புளியுஞ் சாம்பலுமிட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கினோம். பித்தளை பொன்போல் ஒளிர்ந்தது. கண்காட்சியில் அதனைப் பாராட்டாதார் இலர், யாமும் மகிழ்ந்தோம்.

மாலையில், பல்லாண்டு அவ்வாய்வுச்சாலையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற முதியவரொருவர் வந்தார். கருவியைக் கையில் எடுத்து நெடுநேரம் நோக்கினார். பின்பு, “தம்பி, ஓரத்திலே மையால் எழுதியிருந்த எண்கள் எங்கே?” என்று வினவினார்.

எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எந்த எண்கள், ஐயா?” என்றோம்.

அவர் சினந்திலர். பொறுமையாகச் சொன்னார். முன்னிருந்த பேராசிரியரொருவர் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் இதனைச் சாலையிலிருந்த இரசப் பாரமானியோடு ஒப்பிட்டு, எவ்வளவு பிழைபடக் காட்டுகின்றதென்பதை முகத்தகட்டின் ஓரத்திலேயே ஆண்டோடு சிற்றெழுத்தில் எழுதிவந்தாராம். மாணவர் நாளும் இருமுறை இதனைப் பார்த்து ஒரு நோட்டில் அளவைக் குறிப்பராம். “நோட்டு அந்தப் பேழையின் அடியிலே இருக்குமே” என்றார். சென்று பார்த்தோம், இருந்தது. பல மாணவர் கையெழுத்தில், காலை, மாலை என்று பக்கம் பக்கமாக எண்கள். நோட்டின் முதற்பக்கத்தில், ‘பிழை, கருவியின் முகத்திற் காண்க’ என்றொரு வரி. அம்முகமோ எம் கையாற் பொன்போல் விளங்கிற்று.

இன்று வேறோர் பாரமானியோடு அதனை ஒப்பிட்டால் பிழையை அறியலாகாதோ என அன்பர் கேட்கலாம். இன்றைய பிழையை அறியலாம். அன்றைய பிழையை அறிதல் இயலாது. அனிராய்டின் வில் ஆண்டுதோறும் தளர்ந்து அளவு மாறுவதென்று முன்னரே கூறினோம். அதனாலன்றோ அப்பேராசிரியர் ஆண்டுதோறும் எழுதினார்! மேலும், வெள்ளி முலாம் பூசிய தகட்டைப் புளியுஞ் சாம்பலுமிட்டுத் தேய்த்தால் முலாமும் போம், அதன்மேலிருந்த மையும் போம் என்பதை அன்றே அறிந்தோம். யாம் கறையென்று நினைத்தது பழைய வெள்ளி. யாம் அழுக்கென்று துடைத்தது ஒருவர் ஆண்டுகள் பலவாக எழுதிய உரை. புளோரென்சு நகரத்தில் ஏடுகள் ஊமையாயிருந்து பின்பு வாய்திறந்தன. எம் கல்லூரி நோட்டு வாய்பேசிக்கொண்டிருந்தது; யாம் அதனை ஊமையாக்கினோம். பாடபேதத்தின் அருமையை வகுப்பிற் படித்து, அதனைப்பற்றித் தேர்விலும் எழுதிய யாம் இதனைச் செய்தோம் என்பதே எம்மை மிகவும் வருத்துகின்றது.

இதன்பின் பௌதிக ஆசிரியரிடஞ் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் கடிந்துகொள்ளாமல், அவ்வறையிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் ஒரு பட்டியல் எழுதும் வேலையை எமக்குத் தந்தார். அதனால் யாம் கற்ற முறையைச் சுருங்கக் கூறுவோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சீட்டு. அதில், கருவியின் பெயர், முகத்திலும் முதுகிலும் உள்ள எழுத்துக்கள் எழுத்துப் பிசகாமல், அளவின் வகை, உடைந்த இடம், எங்கிருந்து வந்தது, யார் கையாண்டனர் என்பவற்றை எழுதவேண்டும். மங்கிய எழுத்தைத் தெளிவாக்க முயலாமல், பக்கவாட்டில் விளக்கை வைத்துப் புகைப்படம் எடுத்தல் நன்று. தூசியை மெல்லிய தூரிகையாற் தட்டுவதன்றி, ஈரமும் புளியும் படலாகாது. பேழைக்குள் துண்டுச் சீட்டோ, பழைய இரசீதோ, நூலிற் கட்டிய அட்டையோ இருப்பின் அதனைக் கருவியினும் அருமையாகப் பேணவேண்டும். இவற்றுக்குப் பொருட்செலவு சிறிது, பொறுமையே பெரிது.

இதுகாறும் முப்பத்தொரு கருவிகட்குச் சீட்டு எழுதியுள்ளோம். அவற்றுள் நீரிலா நிறைகோல் ஒன்று, நாளின் மிக்க வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் தானே குறித்துக் காட்டும் வளைகுழாய் உஷ்ணமானி ஒன்று, பிடி முறிந்த கோணமானி ஒன்று. ஒன்றேனும் அங்காடியிற் பெருவிலை பெறாது. ஆயின், ஒவ்வொன்றும் நம் கல்லூரியில் யாரோ ஒருவர் கண்ணிமைக்காது நோக்கி ஓர் எண்ணை எழுதியதற்குச் சான்று.

பழைய மாணவராகிய பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். தாங்கள் இங்குப் பயின்ற காலத்து ஆய்வுச்சாலைக் குறிப்பேடு தங்கள் இல்லத்துப் பரண்மீது கிடப்பின், அதனைப் பழைய தாள் வாங்குவாரிடம் நிறுத்துப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தருள்க. அனிராய்டின் பிழையை யாரேனும் தம் நோட்டிற் படியெடுத்து வைத்திருத்தல் கூடும். ஓராண்டின் எண் கிடைப்பினும் அவ்வாண்டின் பக்கங்கள் பொருள் பெறும். மாணவத் தோழர்க்கும் ஒரு சொல். பழம்பொருளைக் கண்டால், துலக்குமுன் படியுங்கள். படிக்க இயலாவிடின் துலக்காது வையுங்கள்.

அவ்வனிராய்டு பாரமானியின் பின்புறத்தில் இப்போது ஒரு சீட்டுத் தொங்குகின்றது. அதில் நாளும் இட்டு எழுதியிருப்பது இது: ‘இக்கருவியின் முகம், அறியாமையால், மாணவர் மூவராற் புளியிட்டுத் துலக்கப்பட்டது. ஓரத்தில் மையால் எழுதியிருந்த பிழையெண்கள் அதனால் அழிந்தன. நோட்டிலுள்ள அளவுகளைத் திருத்தமின்றிப் பயன்படுத்தற்க.’ அதன்கீழ் எம் மூவர் கையெழுத்தும் உள்ளன.